ஒரே ஒரு தோல்வி: 1954-இல் புடாபெஸ்ட் மக்கள் கொண்ட சினம்

விளையாட்டென்றால் ஒருவர் வெல்ல மற்றவர் தோற்பது இயல்பு. இதனை அறியாதார் யாருமிலர். ஆயினும், ஒரு நாட்டின் பெயரைத் தாங்கிக் களமிறங்கிய குழு தோற்றுவிட்டால், அந்நாட்டு மக்களுள் பலர் இவ்வியல்பை அக்கணமே மறந்துவிடுகின்றனர். 1950-இல் ரியோ டி ஜெனீரோவில் உருகுவேயிடம் பிரேசில் தோற்றபோது, பழி முழுவதும் கோல் காவலர் பார்போசாவின் தலையில் விழுந்தது. 2000-இல் அவர் இறக்கும் வரையில் அப்பழி அவரை விட்டு நீங்கவில்லை. 1966-இல் வட கொரியாவிடம் தோற்று நாடு திரும்பிய இத்தாலியக் குழுவினர்மீது ஜெனோவா விமான நிலையத்தில் தக்காளிகள் வீசப்பட்டன.

இவற்றினும் ஆழ்ந்து நோக்கத்தக்கது, 1954-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் ஹங்கேரி நாட்டில் எழுந்த சினமாகும். பிரேசிலிலும் இத்தாலியிலும் மக்கள் சினந்தது ஆட்டக்காரர்களை. புடாபெஸ்டில் மக்கள் சினந்தது யாரை என்ற வினாவுக்கு அவ்வளவு எளிதாக விடை கூறிவிட முடியாது.

வெல்லற்கரிய குழு

1950-ஆம் ஆண்டு மே மாதத்தில் வியன்னா நகரில் ஆஸ்திரியாவிடம் தோற்ற ஹங்கேரிக் குழு, அதன்பின் நான்காண்டுக் காலம் நாடுகளுக்கிடையிலான போட்டி எதிலும் தோல்வி காணவில்லை. 1952-இல் ஹெல்சிங்கி ஒலிம்பிக் பந்தயத்தின் இறுதியாட்டத்தில் யூகோஸ்லாவியாவை 2-0 என்ற கணக்கில் வென்று தங்கப் பதக்கம் பெற்றது. 1953 நவம்பர் 25-ஆம் நாள் லண்டன் வெம்பிளி அரங்கில் இங்கிலாந்தை 6-3 என்று முறியடித்தது. அதற்குமுன் ஐரோப்பாக் கண்டத்து நாடு எதுவும் இங்கிலாந்தை வெம்பிளியில் வென்றதில்லை. 1954 மே 23-ஆம் நாள் புடாபெஸ்டில் நடந்த மறு ஆட்டத்திலோ கணக்கு 7-1 ஆயிற்று.

இவ்வெற்றிகளுக்குக் காரணம் ஆட்டக்காரரின் திறமை மட்டுமன்று. அக்காலத்தில் நடு முன்னணி ஆட்டக்காரர் எதிரியின் கோலுக்கு அருகிலேயே நிற்பது வழக்கம். ஹங்கேரியின் ஹிதெக்குட்டியோ அவ்விடத்தை விட்டுப் பின்வாங்கி, ஆடுகளத்தின் நடுப்பகுதியில் நின்று பந்தைப் பகிர்ந்தளித்தார். அவரைக் காக்கவேண்டிய எதிராளி தம் இடத்தை விட்டு முன்னேறினால் காவலில் ஓட்டை விழும். முன்னேறாமல் நின்றாலோ ஹிதெக்குட்டிக்குத் தடையில்லாமற் போகும். விழுந்த ஓட்டையில் புஷ்காஷும் கோச்சிஷும் புகுந்தனர். இங்கிலாந்துக் குழுவினர் இப்புதிர்க்கு விடை காணாமலே இரு முறையும் திகைத்து நின்றனர்.

எனவே, 1954 ஜூனில் சுவிட்சர்லாந்தில் உலகக் கிண்ணப் போட்டி தொடங்கியபோது, கிண்ணம் ஹங்கேரிக்கே என்று ஹங்கேரியர் மட்டுமின்றி உலகமே எண்ணியது.

அரசின் உடைமை

இக்குழு எவ்வாறு உருவாயிற்று என்பதை அறிந்தால்தான் பின்னர் நிகழ்ந்தவை விளங்கும். இரண்டாம் உலகப்போருக்குப் பின் ஹங்கேரி சோவியத் செல்வாக்கின்கீழ் வந்தது. 1949-இல் அது மக்கள் குடியரசு எனப் பெயர் பெற்றது. அதிகாரம் அனைத்தும் கட்சித் தலைவர் மாத்யாஷ் ராக்கோஷியின் கையில் குவிந்தது. ஆலைகளையும் வங்கிகளையும் போலவே காற்பந்துக் கழகங்களும் அரசின்வசமாயின. புடாபெஸ்டின் புறநகராகிய கிஷ்பெஷ்டின் கழகம் ஹொன்வேத் என்ற பெயருடன் இராணுவத்தின் குழுவாயிற்று. மற்றொரு பெருங் கழகம் இரகசியப் போலீசின் பொறுப்பில் விடப்பட்டது. ஹொன்வேத் ஆட்டக்காரர்களுக்கு இராணுவப் பதவிகள் வழங்கப்பட்டன. புஷ்காஷ் மேஜர் எனப்பட்டது இதனாலேயே. பயிற்றுநர் குஸ்தாவ் ஷெபெஷ் விளையாட்டுத் துறையின் துணை அமைச்சராகவும் இருந்தார்.

நல்ல ஆட்டக்காரர்களை ஒரே கழகத்தில் சேர்த்துவிட்டதால், அவர்கள் ஆண்டு முழுவதும் ஒன்றாக விளையாடும் வாய்ப்புப் பெற்றனர். வேறு நாட்டுக் குழுக்களுக்குக் கிட்டாத ஒருமைப்பாடு இதனால் ஹங்கேரிக்குக் கிட்டியது. ஆனால், இந்த நன்மைக்கு ஒரு விலையும் இருந்தது. வெற்றி பெற்றபோதெல்லாம் அது தம் ஆட்சிமுறையின் வெற்றி என்று அரசினர் பறைசாற்றினர். வெம்பிளி வெற்றியின் கணக்கு அஞ்சல் தலையிலும் பொறிக்கப்பட்டது.

மக்களின் வாழ்வோ துன்பம் மலிந்ததாய் இருந்தது. உழவர்கள் கூட்டுப் பண்ணைகளில் சேருமாறு நெருக்கப்பட்டனர். உணவுத் தட்டுப்பாடு நிலவியது. ஆயிரக்கணக்கானோர் விசாரணையின்றி முகாம்களில் அடைபட்டுக் கிடந்தனர். ஸ்டாலின் மறைவுக்குப் பின், 1953 ஜூலை 4-ஆம் நாள் இம்ரே நாகி பிரதமரானார். முகாம்கள் கலைக்கப்பட்டன, உழவர்மீதிருந்த பளுவும் சற்றுக் குறைந்தது. ஆயினும் கட்சியின் தலைமை ராக்கோஷியிடமே இருந்தது. அரசைக் குறைகூறி நால்வர் தெருவில் கூடிப் பேசும் துணிவு இன்னும் பிறக்கவில்லை. ஆனால் காற்பந்தைப் பற்றி நாலாயிரம் பேர் கூடிப் பேசலாம். அதனைத் தடுப்பார் யாருமிலர்.

பெர்ன் நகரின் மழை

உலகக் கிண்ணப் போட்டியில் ஹங்கேரி முதலில் தென் கொரியாவை 9-0 என்றும், பின்னர் மேற்கு ஜெர்மனியை 8-3 என்றும் வென்றது. இரண்டாம் ஆட்டத்தில் ஜெர்மானியப் பயிற்றுநர் ஹெர்பர்கர் தம் சிறந்த ஆட்டக்காரருள் பலரை இறக்கவில்லை. தோற்றாலும் துருக்கியுடன் மற்றோர் ஆட்டம் ஆடி அடுத்த சுற்றுக்குச் செல்லலாம் என்பதை விதிகளிலிருந்து அவர் கணித்திருந்தார். அவ்வாட்டத்தில் புஷ்காஷின் கணுக்காலில் அடிபட்டது. அடுத்த இரண்டு ஆட்டங்களில் அவர் ஆடவில்லை. அவர் இன்றியே ஹங்கேரி, பிரேசிலை 4-2 என்றும், நடப்பு வெற்றியாளராகிய உருகுவேயைக் கூடுதல் நேரத்தில் 4-2 என்றும் வென்றது. பிரேசிலுடன் நடந்த ஆட்டமோ கைகலப்பாகவே முடிந்தது. இவ்வாறு களைத்த கால்களுடனேயே ஹங்கேரிக் குழு இறுதியாட்டத்திற்கு வந்து சேர்ந்தது.

1954 ஜூலை 4, ஞாயிற்றுக்கிழமை. பெர்ன் நகரின் வாங்க்டார்ப் அரங்கில் மழை பெய்துகொண்டிருந்தது. 6-ஆம் நிமிடத்தில் புஷ்காஷும் 8-ஆம் நிமிடத்தில் சிபோரும் கோல் போட்டனர். ஹங்கேரி நாடெங்கும் வானொலிப் பெட்டிகளைச் சூழ்ந்திருந்தோர் கிண்ணம் கைக்கு வந்துவிட்டதாகவே மகிழ்ந்தனர். ஆனால் 10-ஆம் நிமிடத்தில் மோர்லாக்கும் 18-ஆம் நிமிடத்தில் ரானும் கோல் போட, கணக்குச் சமமாயிற்று. அதன்பின் ஹங்கேரியர் ஓயாது தாக்கினர். ஹிதெக்குட்டி அடித்த பந்து கோல் கம்பத்தில் மோதியது. கோச்சிஷ் தலையால் முட்டிய பந்து குறுக்குக் கம்பத்தில் பட்டுத் திரும்பியது. மற்றவற்றை ஜெர்மானியக் கோல் காவலர் துரெக் தடுத்தார். 84-ஆம் நிமிடத்தில் ரான் இன்னொரு கோலைப் போட்டார். இறுதி நேரத்தில் புஷ்காஷ் பந்தை வலைக்குள் செலுத்தினார். கோட்டு நடுவர் கொடியை உயர்த்த, அந்தக் கோல் ஆப்சைடு என்று தள்ளப்பட்டது. 2-3 என ஆட்டம் முடிந்தது.

ஐந்து ஆட்டங்களில் 27 கோல் போட்ட குழு, நான்காண்டுகளில் ஒரே ஒரு முறை தோற்றது. யானைக்கும் அடி சறுக்கும் என்பர். சறுக்கிய இடம் உலகக் கிண்ணத்தின் இறுதியாட்டமாக அமைந்ததே ஹங்கேரியின் ஊழ்.

தெருவில் எழுந்த குரல்

அன்று மாலையே புடாபெஸ்டில் மக்கள் தெருக்களில் கூடினர். முதலில் அவர்கள் வாயில் வந்தவை காற்பந்துப் பேச்சுகளே. கால் குணமாகாத புஷ்காஷை ஏன் இறக்கினார்கள்? வலப்புற ஆட்டக்காரர் புதாயை ஏன் நீக்கினார்கள்? சிபோரை அவர் வழக்கமாக ஆடும் இடத்திலிருந்து ஏன் மாற்றினார்கள்? இவ்வினாக்கள் நியாயமானவையே. ஆனால் கூட்டம் பெருகப் பெருக ஐயங்களும் பெருகின. ஆட்டக்காரர்கள் ஜெர்மானிய மோட்டார் வண்டிகளைப் பெற்றுக்கொண்டு ஆட்டத்தை விற்றுவிட்டனர் என்ற வதந்தி பரவியது. அதற்கு எவ்வகைச் சான்றும் இல்லை. ஷெபெஷின் வீட்டுச் சன்னல்கள் உடைக்கப்பட்டன. கடைகளின் கண்ணாடிகளும் நொறுங்கின.

கூச்சல் குழுவோடு நிற்கவுமில்லை. குழுவின் வெற்றி ஆட்சியின் வெற்றி என்று ஐந்தாண்டுகளாக ஓதக் கேட்ட மக்கள், அப்பாடத்தை நன்கு கற்றிருந்தனர். வெற்றி ஆட்சியினுடையதென்றால் தோல்வி மட்டும் யாருடையது? கூட்டத்தில் அரசுக்கு எதிரான குரல்களும் எழுந்தன. ராக்கோஷியின் ஆட்சியில் புடாபெஸ்ட் தெருக்கள் இத்தகைய காட்சியைக் கண்டதில்லை. ரொட்டிக்காகவும் கூலிக்காகவும் சிறையிலிருந்த உறவினருக்காகவும் திறக்க முடியாத வாய்கள், ஒரு பந்தாட்டத்தைச் சாக்கிட்டுத் திறந்தன.

குழுவை ஏற்றிவந்த இரயில் நேரே தலைநகருக்கு வரவில்லை. வழியில் தத்தா என்னும் ஊரில் குழுவினர் இறக்கப்பட்டனர். அங்கே தலைவர்கள் அவர்களைச் சந்தித்தனர். தோல்விக்காக யாரும் தண்டனைக்கு அஞ்ச வேண்டியதில்லை என்று ராக்கோஷி அன்று கூறியதாகக் கோல் காவலர் க்ரோஷிச் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார். அச்சொல்லைக் கேட்டபோதுதான் தமக்கு அச்சம் பிறந்தது என்றும் அவர் கூறினார்.

பழி யார்மேல் விழுந்தது?

அவர் அஞ்சியவாறே நடந்தது. அவ்வாண்டு முடிவதற்குள் க்ரோஷிச்மீது ஒற்று வேலை பார்த்ததாகவும் நாட்டுக்குத் துரோகம் செய்ததாகவும் குற்றம் சாட்டப்பட்டது. ஓராண்டுக்கு மேல் அவர் வீட்டுக் காவலில் வைக்கப்பட்டு விசாரிக்கப்பட்டார். சான்று எதுவும் கிடைக்காமல் வழக்குக் கைவிடப்பட்டது. பின்னர் அவர் ஹொன்வேத் குழுவிலிருந்து நீக்கப்பட்டு, சுரங்கத் தொழிலாளர் நகரான தத்தபான்யாவின் குழுவுக்கு அனுப்பப்பட்டார். அரசின்மேல் திரும்பிய சினத்திற்கு ஓர் ஆள் தேவைப்பட்டது. கோலைக் காத்தவர் கையருகே இருந்தார்.

தோற்ற பின்னும் அக்குழு சிதைந்துவிடவில்லை என்பதை ஈண்டுக் கருதவேண்டும். பெர்ன் ஆட்டத்திற்குப் பின் 1956 பிப்ரவரியில் இஸ்தான்புல் நகரில் துருக்கியிடம் தோற்கும் வரை, ஹங்கேரி மீண்டும் தோல்வியே காணவில்லை. அதாவது, ஏறத்தாழ ஆறாண்டுகளில் அது தோற்ற ஆட்டம் ஒன்றே ஒன்று. அத்தகைய குழுவைத் துரோகிகள் என்று தூற்றியது மக்கள் செய்த பிழை. அரசியல் கட்டாயத்தால் வாய் மூடியிருந்தோர் வாய் திறந்ததற்கு நாம் இரங்கலாம்; ஆனால் அவர்தம் முதற் கல், தம்மைப் போன்றே அரசின் பிடியில் அகப்பட்டிருந்தவர்மீது விழுந்தது என்பதை மறைக்கலாகாது. 1956 ஜூனில் பெல்ஜியத்திடம் 4-5 என்று தோற்றதும் ஷெபெஷ் பதவியிழந்தார்.

1956 அக்டோபர் 23-ஆம் நாள் புடாபெஸ்டில் புரட்சி வெடித்தது. அதன் விதை 1954 ஜூலையிலேயே ஊன்றப்பட்டது என்பது க்ரோஷிச் முதலியோரின் கருத்து. இதனை அப்படியே ஏற்பது வரலாற்று முறையாகாது. குருஷேவ் ஸ்டாலினைக் கண்டித்துப் பேசியது, போலந்தில் நிகழ்ந்த மாறுதல்கள், எழுத்தாளரும் மாணவரும் எழுப்பிய கோரிக்கைகள் எனப் புரட்சிக்குக் காரணங்கள் பல. காற்பந்தில் தோற்றதால் எந்த நாட்டிலும் புரட்சி பிறப்பதில்லை. ஆயினும், கூடி நின்று கூவலாம், கூவியும் வீடு திரும்பலாம் என்பதை மக்கள் முதன்முதலாக அறிந்தது அந்த ஜூலை மாதத்தில்தான். அவ்வளவே கொள்ளத்தக்கது.

நவம்பர் 4-ஆம் நாள் சோவியத் டாங்கிகள் புரட்சியை நசுக்கின. அப்போது வெளிநாட்டுப் போட்டியை முன்னிட்டு அயல்நாட்டில் இருந்த ஹொன்வேத் குழுவினருள் புஷ்காஷ், கோச்சிஷ், சிபோர் ஆகிய மூவரும் தாயகம் திரும்பவில்லை. பின்னர் புஷ்காஷ் ரியல் மாட்ரிட் கழகத்திலும், மற்ற இருவரும் பார்சிலோனாவிலும் ஆடிப் புகழ் பெற்றனர். 1981-இல்தான் புஷ்காஷ் மீண்டும் ஹங்கேரி மண்ணை மிதித்தார். 2002-இல், புடாபெஸ்டின் மக்கள் அரங்கத்திற்கு அவர் பெயரே சூட்டப்பட்டது. 2006-இல் அவர் மறைந்தபோது நாடே துக்கம் கொண்டாடியது. 1954-இல் கல்லெறிந்த தலைமுறையின் பிள்ளைகளும் பேரர்களும் அவ்வஞ்சலியில் நின்றனர்.

பின்வந்த ஹங்கேரிக் குழு எதுவும் உலகக் கிண்ணத்தின் இறுதியாட்டத்தை எட்டியதில்லை. 1986-க்குப் பின் 2022 வரையில் நடந்த போட்டிகளுக்கு அந்நாடு தகுதி பெறவுமில்லை. கிண்ணத்தைக் கொணராத அக்குழுவையே ஹங்கேரியர் இன்று பொற்குழு எனப் போற்றுகின்றனர். நாட்டின் மானம் முழுவதையும் பதினோரு பேர் தோளில் ஏற்றிவைத்தவர்கள் யாரோ, அவர்களிடமே தோல்விக்கும் கணக்குக் கேட்டிருக்க வேண்டும். அந்தக் கணக்கைக் கேட்க வழியில்லாத நாட்டில், அது கோல் காவலரிடம் கேட்கப்பட்டது.