நாய் எங்கே படுத்தது?

"மூணு ராத்திரி அழ விடுங்க சார். நாலாவது ராத்திரி தன்னால அடங்கிடும்."

நாய்க்குட்டி வளர்க்கிறவர்கள் எல்லோரும் ஒருமுறையாவது கேட்டிருக்கக்கூடிய யோசனை இது. எனக்கு ஒரே வாரத்தில் நான்கு பேர் சொன்னார்கள். எங்கள் சொசைட்டி செக்ரட்டரி, பிராஞ்சில் கூட வேலை பார்க்கும் கேஷியர், மதுரையிலிருந்து போனில் என் மச்சினன், அப்புறம் நாய்த் தீனி விற்கும் கடைக்காரர். புனேயில் இருக்கும் மராட்டிக்காரரும் மதுரைக்காரரும் ஒரே மாதிரி சொல்கிறார்கள் என்றால், இந்த யோசனை எங்கேயோ கிளம்பி ஊர் ஊராகப் போயிருக்கிறது என்றுதானே அர்த்தம்? பி.காம். படித்தவனுக்குச் சரித்திரம் எதற்கு என்று கேட்காதீர்கள். ஒரு என்ட்ரியைப் பார்த்தால் அது எங்கே ஆரம்பித்தது என்று பின்னால் போய்த் தேடுவது எங்கள் தொழில் வியாதி.

முதலில் வீட்டு நிலவரம். பொடி என்று ஒரு நாட்டுக்குட்டி. ஏழு மாதம். இட்லி மிளகாய்ப் பொடி நிறம், அதனால் அந்தப் பெயர். என் மகள் காலை விட்டு நகராது. பாத்ரூம் வாசலில் கூடக் காவல். ராத்திரி அவள் அறைக் கதவைச் சாத்தினால் ஊளை. அவளுக்கு மே மாதம் நுழைவுத் தேர்வு. கட்டிலில் ஏறிப் படுத்துக்கொண்டு அது அவளைத் தூங்க விடுவதில்லை. ஜூலையில் ஏதோ ஒரு ஊர் ஹாஸ்டலுக்கு அவள் போய்விடுவாள். அப்போது இது என்ன செய்யும்? கீழ் ஃப்ளாட்டில் பைபாஸ் ஆபரேஷன் முடிந்த ஆஜி ஒருவர் இருக்கிறார். அவருடைய மகன் ஒருநாள் வந்து மரியாதையாகத்தான் சொன்னார். மரியாதையாகச் சொல்லும்போதுதான் நமக்கு அதிகம் உறைக்கிறது. "குட்டியைத் திருப்பிக் கொடுத்திடலாமாங்க?" என்று என் மனைவி கேட்கும் அளவுக்குப் போனது.

சரி, சரித்திரத்துக்கு வருவோம்.

1914-ல் ஜெர்மனியில் பான் நகரத்துக்குப் பக்கத்தில் ஓபர்காசல் என்ற இடத்தில் கல் உடைக்கும்போது ஒரு பழைய புதைகுழி கிடைத்தது. ஒரு ஆண், ஒரு பெண், கூடவே ஒரு நாய். ஏறக்குறைய 14,000 வருடங்களுக்கு முந்தையது. அந்த நாய்க்கு வயது சுமார் ஏழு மாதம். (நம்ம பொடி வயசு!) 2018-ல் அதன் பற்களை ஆராய்ந்து வெளியிட்டபோது ஒரு விஷயம் தெரிந்தது. அதற்கு டிஸ்டெம்பர் நோய் வந்து, பல வாரம் விட்டு விட்டுப் படுத்தியிருக்கிறது. மனிதர்கள் பக்கத்திலிருந்து சுத்தம் செய்து, தண்ணீர் கொடுத்துப் பார்த்துக்கொள்ளாமல் அது அத்தனை நாள் இருந்திருக்க முடியாது என்கிறார்கள். வேட்டைக்கோ காவலுக்கோ அந்த நிலைமையில் அதனால் ஒரு பைசா லாபம் இல்லை. பாங்க் பாஷையில் சொன்னால் சுத்தமான வாராக்கடன். ஆனாலும் தள்ளுபடி செய்யவில்லை.

இஸ்ரேலின் வடக்கே ஐன் மல்லாஹாவில் கிடைத்த இன்னொரு குழி சுமார் 12,000 வருடப் பழசு. ஒரு வயதான ஆளின் கை குட்டி ஒன்றின் மேல் வைக்கப்பட்டிருந்தது. அது நாய்க்குட்டியா ஓநாய்க்குட்டியா என்று இன்னும் விவாதம். கை மேலே இருந்ததில் விவாதம் இல்லை.

நம்ம பக்கம் வந்தால், திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் மகேந்திரவர்ம பல்லவன் காலத்து நடுகல் ஒன்று இருக்கிறது. 7-ம் நூற்றாண்டு. சண்டையில் செத்த வீரனோடு அவன் நாயையும் செதுக்கி, திருடர்களைக் கடித்துவிட்டு அது காவல் காத்து நின்றதை எழுதி, நாயின் பெயரையும் வெட்டி வைத்திருக்கிறார்கள். பெங்களூரில் மூன்று வருடம் போஸ்டிங்கில் இருந்தபோது அங்கே அரசு மியூசியத்தில் ஆதகூர்க் கல்லைப் பார்த்திருக்கிறேன். 949-ல் தக்கோலம் போரில் சோழ இளவரசன் ராஜாதித்தன் இறந்தானே, அந்தப் போரில் எதிர்ப்பக்கம் சண்டை போட்ட மணலேரன் என்ற வீரனிடம் கங்க அரசன் பூதுகன் என்ன வேண்டும் என்று கேட்டிருக்கிறான். இவன் கேட்டது பூதுகனின் வேட்டை நாய் காளியை. பிறகு அது ஒரு பெரிய காட்டுப் பன்றியோடு மோதி, இரண்டும் செத்துப் போயின. காளிக்குக் கல்வெட்டு, நிலதானம் எல்லாம் உண்டு. நம்மைத் தோற்கடித்த கட்சிதான். இருந்தாலும் அந்தக் கல் முன்னால் கொஞ்ச நேரம் நின்றேன்.

"அதெல்லாம் சரி, நம்ம ஊர்ல நாயை யாருங்க வீட்டுக்குள்ள படுக்க வச்சா?" என்று மனைவி கேட்டாள். நியாயமான கேள்வி. தாத்தா வீட்டு நாய் திண்ணைக்குக் கீழேதான் படுக்கும். ஆனால் யோசித்துப் பாருங்கள், தாத்தா எங்கே படுத்தார்? திண்ணை மேலே. கோடை முழுக்க வாசலில் கயிற்றுக் கட்டில், பாய், தலையணை. குழந்தைகள் வரிசையாக. நாய்க்கும் நமக்கும் நடுவில் இருந்தது பத்தடி காற்று மட்டும்தான். போதாததற்குத் தெரு நாய்கள் நாலு உறவுமுறை. நாய் வீட்டுக்குள் படுக்கவில்லை என்பது நிஜம். அது தனியாகப் படுக்கவும் இல்லை.

ராஜாக்களின் நாய்க் கொட்டிலில் கூட இதுதான் வழக்கம். பிரான்சில் காஸ்தோன் ஃபேபுஸ் என்ற பிரபு 1387-ல் ஒரு வேட்டை நூல் எழுத ஆரம்பித்தார். அதை 15-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் யார்க் கோமகன் எட்வர்ட் ஆங்கிலத்தில் கொண்டுவந்தார். நாய்கள் சண்டை போட்டுக்கொள்ளாமல் இருக்க ஒரு சின்னப் பையன் ராத்திரியும் அவற்றோடு கொட்டிலிலேயே இருக்கவேண்டும் என்று அதில் விதி இருக்கிறது. பாவம் அந்தப் பையன். வெள்ளைக்காரன் இந்தியாவுக்கு வந்தபோது இங்கேயும் நாயைப் பார்த்துக்கொள்ள 'டூரியா' என்று தனி ஆளை வைத்துக்கொண்டான்.

அப்படியானால் 'அழ விடு' எப்போது வந்தது? நான் தேடிப் பார்த்தவரையில் இது முதலில் நாய்க்குச் சொன்னதே இல்லை. 1894-ல் நியூயார்க் குழந்தை மருத்துவர் எம்மெட் ஹோல்ட் தாய்மார்களுக்கு ஒரு புத்தகம் போட்டார். பசியோ வலியோ இல்லாமல் பழக்கத்தால் அழும் குழந்தையைத் தூக்காதே, அழுது முடிக்கட்டும் என்பது அவர் கட்சி. 1928-ல் ஜான் வாட்சன் என்ற மனோதத்துவக்காரர் இன்னும் ஒரு படி மேலே போய், பிள்ளைகளை மடியில் வைப்பதையும் முத்தம் கொடுப்பதையுமே குறைக்கச் சொன்னார். அழும்போது போனால் அது அழுகைக்குக் கொடுக்கும் கூலி, கூலி கொடுத்தால் வேலை தொடரும் என்பது கணக்கு. நாய்க்காரர்கள் சொல்லும் காரணமும் அச்சாக இதேதான். இரண்டும் ஒரே வீட்டுச் சரக்கு என்பது என் அபிப்பிராயம். தனி அறை, சாத்திய கதவு, காலையில் ஆபீஸ். அந்த மாதிரி வீட்டில்தான் இப்படி ஒரு யோசனை தேவைப்படும்.

குழந்தை விஷயத்தில் அந்தக் கணக்கை ஆட்டம் காணவைத்தவர்களில் ஒருவர் ஹாரி ஹார்லோ. 1958-ல் அவர் வெளியிட்ட சோதனை பிரபலம். தாயிடமிருந்து பிரித்த ரீசஸ் குரங்குக் குட்டிகளுக்கு (வட இந்தியாவில் நம்ம பால்கனியில் வந்து வாழைப்பழம் திருடும் அதே ஜாதி) இரண்டு பொம்மைத் தாய்கள். கம்பித் தாயிடம் பால், துணித் தாயிடம் ஒன்றும் இல்லை. குட்டிகள் பாலைக் குடித்துவிட்டு நாள் முழுக்கத் துணித் தாயைத்தான் கட்டிக்கொண்டு கிடந்தன. படிக்கவே சங்கடமான சோதனை. நாய்க்கும் பின்னால் இதே போல வந்தது. 1977-ல் தனியாக விட்ட நாய்க்குட்டிகள் எதைக் கொடுத்தால் கத்தலைக் குறைக்கின்றன என்று பார்த்தார்கள். தீனியால் பெரிதாகப் பலன் இல்லை. மனிதர் கூட இருந்ததுதான் நன்றாகக் கேட்டது. 1998-ல் புடாபெஸ்ட் ஆராய்ச்சியாளர்கள், கைக்குழந்தைக்குத் தாயிடம் உள்ள ஒட்டுதலை அளக்கும் பரிசோதனையை 51 நாய்களிடம் எஜமானர்களோடு செய்து பார்த்தார்கள். நாய்கள் கிட்டத்தட்ட குழந்தைகளைப் போலவே நடந்துகொண்டன.

நாலாவது ராத்திரி சில குட்டிகள் அடங்குவது உண்மைதான். அது பழகிப் போனதா, அலுத்துப் போனதா என்பது கதவுக்கு வெளியே இருக்கும் நமக்குத் தெரியாது. கீழே ஆஜி இருக்கும்போது அந்த மூன்று ராத்திரியை வாங்கும் வசதியும் எங்களுக்கு இல்லை. அதனால் தவணை முறை. இ.எம்.ஐ. மாதிரி.

முதல் வாரம் கோணிப்பை மேல் மகளின் பழைய சுடிதாரைப் போட்டு, அவள் கட்டிலை ஒட்டியே படுக்கை. கட்டில் மேல் ஏறக்கூடாது, அவ்வளவுதான். பத்தரை மணிக்குக் கீழே கூட்டிப் போய் ஒன்றுக்கு விட்டுவிட்டு வருவது. இரண்டாவது வாரத்திலிருந்து இரண்டு ராத்திரிக்கு ஒருமுறை, படுக்கை ஒரு டைல்ஸ் தூரம் கதவுப் பக்கம் நகரும். எங்கள் டைல்ஸ் இரண்டடி. முனகினால் ஒரு டைல்ஸ் பின்னால். பகலில் கதவைப் பத்து விநாடி சாத்தித் திறப்பது, பிறகு அரை நிமிஷம், பிறகு இரண்டு நிமிஷம். போகும்போது டாட்டா கிடையாது, வரும்போது கொஞ்சலும் கிடையாது. மகளுக்கு அதுதான் கஷ்டமாக இருந்தது.

படுக்கை ஹாலுக்கு வந்த நாலு ராத்திரி நான் பாய் போட்டு அதன் பக்கத்தில் படுத்தேன். "பதினஞ்சாம் நூற்றாண்டுப் பையன் எழுந்திருங்க, காபி ஆறுது" என்றாள் மனைவி. நடுவில் ஒரு கல்யாண ஊர்வலம் டி.ஜே. செட்டோடு ரோட்டில் போய், மூன்று டைல்ஸ் பின்னுக்குப் போனோம். வட்டியோடு சேர்த்துத் திரும்ப கட்டியாகிவிட்டது.

இன்றைக்குப் பொடி ஹாலில் ஷூ ஸ்டாண்ட் பக்கத்தில் படுக்கிறது. ஒன்பது ராத்திரியாகச் சத்தமில்லை. ஆஜி வீட்டிலிருந்து ஒரு டப்பா சிவ்டா வந்தது. ஜூலையில் போவது அறை இல்லை, ஆள் என்பதால் ராத்திரிச் சாப்பாடும் கடைசி நடையும் இப்போது என்னுடைய டியூட்டி. மகள் அறைக் கதவு இன்னும் ஒரு சாண் திறந்துதான் இருக்கிறது. பரீட்சை முடிந்ததும் அந்தச் சாணையும் நாலு தவணையாகப் பிரித்துச் சாத்தவேண்டும்.