பொருந்தாத 450 ரூபாய்



1494இல் லூகா பச்சோலி என்ற கணித ஆசிரியரின் நூல் வெனிஸில் அச்சானது. வணிகர்களின் இரட்டைப் பதிவு முறையை அது விளக்கியது. பற்றும் வரவும் பொருந்தாவிட்டால் எங்கோ பிழை, தேட வேண்டும்.

1998இல் முதல் பதிப்பு கண்ட ‘க்னூகேஷ்’ என்ற திறந்த மூலக் கணக்கு மென்பொருளும் அப்படித்தான். பொருந்தாத தொகையை ‘இம்பேலன்ஸ்’ என்று தனிக் கணக்கில் நிறுத்திக் காட்டும்.

குலதெய்வக் கோயில் கணக்கில் எனக்கு 450 ரூபாய் அங்கே நின்றது. ‘இதர செலவு’ என்று தள்ளிவிடப் பார்த்தேன். பங்காளிகள் பணம், மனசு கேட்கவில்லை. ரசீதுகளைப் புரட்டினேன். விளக்கெண்ணெய்க்குச் செலவுக் கணக்கு காட்ட மறந்திருந்தேன்.

பிறரிடம் உதவி கேட்டாலும் எந்தப் பதிப்பு, என்ன செய்தீர்கள், என்ன வந்தது என்று ஒளிக்காமல் சொல்லுங்கள். விடையை மட்டும் காட்டாதே, வழியையும் காட்டு என்று வகுப்பில் சொல்வேனே, அதேதான்.