திருநெல்வேலிக் காணிக்கையும் தோர்ணக்கல் திருச்சபையும்

கிங்ஸ் சர்க்கிளில் சபா ஆகட்டும், கோயில் ஆகட்டும், ஊர்விட்டு வந்தவர்கள் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு வளர்த்தவைதான். தமிழ்நாட்டுக்கு வெளியே கிறிஸ்தவமும் ஓரிடத்தில் இப்படித்தான் வேரூன்றியது.

1903 பிப்ரவரி 12 அன்று திருநெல்வேலிக் கிறிஸ்தவர்கள் இந்திய மிஷனரி சங்கத்தைத் தொடங்கினார்கள். முன்னின்றவர், வெள்ளாளன்விளையில் 1874-ல் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா. கடைக்காரன் பாஷையில் சொன்னால், முதல், ஆள், நிர்வாகம் மூன்றும் நம்மவருடையவை. வெளிநாட்டுப் பணத்தை எதிர்பார்க்கவில்லை.

நிஜாம் சீமையில் தெலுங்கு வழங்கும் தோர்ணக்கல்லுக்கு ஊழியர்களை அனுப்பினார்கள். 1909-ல் அசரியாவே அங்கு போனார், தெலுங்கு கற்றார். 1910-ல் எடின்பரோ மாநாட்டில், வெள்ளைக்கார மிஷனரிகள் தொண்டு செய்தால் மட்டும் போதாது, இந்தியரோடு நண்பர்களாகப் பழகவும் வேண்டும் என்று நேருக்கு நேர் கேட்டார். பலருக்குச் சுருக்கென்றது. ஆனாலும் 1912 டிசம்பர் 29 அன்று கல்கத்தாவில் அவர் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்திய பிஷப் ஆனார். மாலர், மாதிகர் முதலிய ஒடுக்கப்பட்ட மக்கள் திரளாகச் சேர்ந்தார்கள். 1939-ல் பிரதிஷ்டையான அங்குள்ள பேராலயத்தில் கோயில் தூணின் சாயலும் உண்டு, மசூதிக் குவிமாடத்தின் சாயலும் உண்டு.

சமணனாகிய எனக்கு இது விளங்குகிறது. எங்கள் சங்கம் என்பதே ஆண் துறவி, பெண் துறவி, சிராவகர், சிராவகியர் நால்வரும் சேர்ந்ததுதான். சோறிடும் கை இல்லாமல் துறவி ஏது? அசரியாவின் பெயரைச் சொல்லும்போது, காணிக்கை போட்ட பெயர் தெரியாத திருநெல்வேலிக் குடும்பங்களையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.