ஒளியை வழக்கில் நிறுத்திய நீதியரசர்

பெரகலையின் மலைச்சரிவிலே நின்று, தெற்கே பரந்து கிடக்கும் தாழ்நிலத்தை இரவிலே நோக்குவோர், அடிவானத்தை ஒட்டி ஒரு விண்மீனைக் காண்பாராயின், அவ்விண்மீன் உண்மையில் அவ்விடத்தில் இல்லை. காற்று மண்டலம் ஒளியை வளைத்துத் தருவதால், அடிவானத்துக்குக் கீழே இருப்பதும் மேலே இருப்பதுபோலத் தோன்றுகின்றது. இவ்வளைவு ஏறக்குறைய 34 கலை, அதாவது அரைப் பாகைக்குச் சற்று மேல். மலைநாட்டிலே மூடுபனி விலகும் இரவுகள் சிலவே. விலகும் இரவிலும் கண் நம்மை ஏமாற்றுகின்றது!

காற்றே இல்லாத வெளியிலும் ஒளி வளையும் என்று 1915ஆம் ஆண்டிலே அல்பேர்ட் ஐன்ஸ்டைன் கணித்துக் கூறினார். சூரியனின் விளிம்பைத் தொட்டு வரும் விண்மீன் ஒளி 1.75 விகலை விலகும் என்பது அவர் கணக்கு. ஒரு கலையின் அறுபதில் ஒரு பங்கே விகலை. ஓர் அங்குல அகலமுள்ள நாணயத்தை மூன்று கிலோமீற்றருக்கு அப்பால் வைத்துப் பார்த்தால் எவ்வளவு சிறிதாகத் தோன்றுமோ, அவ்வளவே இது. நியூட்டனின் முறைப்படி கணக்கிட்டால் இதில் பாதிதான் வரும். சூரியனின் பேரொளியிலே அயலிலுள்ள விண்மீன்கள் தெரியா ஆதலால், முழுக் கிரகணத்தின் சில நிமிடங்களே இவ்வழக்கை விசாரிக்கக் கிடைத்த நேரம். 1919 மே 29ஆந் தேதிக் கிரகணத்தை ஆபிரிக்கக் கரையோரத்துப் பிரின்சிப்பேத் தீவிலும் பிரேசில் நாட்டுச் சோப்ராலிலும் ஆங்கிலேய வானியலாளர் படம்பிடித்தனர். அவ்வாண்டு நவம்பர் 6ஆந் தேதி இலண்டனிலே தீர்ப்பு ஐன்ஸ்டைன் பக்கம் வழங்கப்பட்டது.

ஆயினும் வாதம் அடங்கவில்லை. பதுளைக்குச் செல்லும் புகைவண்டியினுள்ளே ஒருவன் முன்னோக்கி நடந்தால், வண்டியின் வேகத்தோடு அவன் நடையின் வேகமும் கூடும். இது சிறுவரும் அறிந்தது. வண்டியின் முகப்பு விளக்கிலிருந்து புறப்படும் ஒளிக்கு மட்டும் இக்கூட்டல் செல்லாது என்றால், கற்றோரும் திகைக்கத்தானே செய்வர்? விரைந்து பயணஞ் செய்து மீள்பவன் வீட்டிலிருந்தவனைவிட இளமையாகத் திரும்புவான் என்று 1911இல் பிரெஞ்சு அறிஞர் பால் லாஞ்செவன் எடுத்துக்காட்டிய புதிர் இத்திகைப்பைப் பெருக்கியது. வழக்கறிஞரும் ஆசிரியரும் பொறியியலாளரும் பல நாடுகளிலே இக்கொள்கையை மறுத்து எழுதலாயினர். அவர்களுட் பெரும்பாலோர் ‘அறிவுக்கு ஒவ்வாது’ என்று சொல்வதோடு நின்றுவிட்டனர்.

அவ்வாறு நின்றுவிடாதவர் ஒருவர் இந்தியாவிலே இருந்தார். சர் ஷா முகம்மது சுலைமான் 1886ஆம் ஆண்டிலே ஜவுன்பூரிலே பிறந்தவர்; அலகாபாத்திலும் கேம்பிரிட்ஜிலும் கற்றவர். கணிதத்திலே பயிற்சி பெற்றிருந்தும் சட்டத்தையே தொழிலாகக் கொண்டு, 1932இல் அலகாபாத் உயர்நீதிமன்றத்தின் பிரதம நீதியரசரானார். புகழ்பெற்ற மீரத் சதி வழக்கின் மேன்முறையீட்டை 1933இல் விசாரித்துத் தண்டனைகளைக் குறைத்தவர் அவரே. அத்தகைய பொறுப்புகளுக்கிடையே, 1934 முதல், தாமே வகுத்த புதிய சார்புக் கொள்கையொன்றைக் கட்டுரைகளாக வெளியிட்டார். ஈர்ப்பு நொடிப்பொழுதிலே எங்கும் பாய்வதன்று, குறித்த வேகத்துடன் பரவுவது என்று கொண்டு நியூட்டனின் விதியைத் திருத்தினால் போதும். காலத்தையும் வெளியையும் வளைக்க வேண்டியதில்லை என்பது அவர் வாதத்தின் சாரம்.

இவ்வளவோடு நின்றிருந்தால் அவரை எவரும் நினைவில் வைத்திரார். அவரோ ஓர் எண்ணைக் கூறினார். சூரிய விளிம்பிலே ஒளியின் விலகல் ஐன்ஸ்டைன் கூறியதைவிட மூன்றில் ஒரு பங்கு மிகுதியாக, 2.3 விகலைக்கு மேல் இருக்கும் என்றார். நீதிமன்றத்திலே சாட்சியின்றி வழக்கு நில்லாது என்பதை அறிந்தவரல்லவா! வானமே வந்து சாட்சி சொல்லட்டும் என்று விட்டுவிட்டார். இந்தியப் பத்திரிகைகள் அவர் கொள்கையைப் பெருமையோடு எடுத்துரைத்தன. அந்நியர் ஆட்சியிலிருந்த ஒரு நாட்டின் மைந்தர் ஐன்ஸ்டைனுக்கு எதிர்வாதம் தொடுத்ததிலே, கணிதம் அறியாதோரும் மகிழ்ந்ததில் வியப்பில்லை.

சாட்சியமும் முதலில் அவரை முற்றாகக் கைவிடவில்லை. 1922இல் அவுஸ்திரேலியாவிலே அளந்த அமெரிக்கருக்கு 1.72 விகலை கிடைத்திருந்தது. 1929இல் சுமாத்திராவிலே அளந்த ஜெர்மானியருக்கோ 2.24 கிடைத்தது, இது ஐன்ஸ்டைனின் எண்ணைவிட நீதியரசரின் எண்ணுக்கே அண்மையானது. 1936 ஜூன் 19ஆந் தேதிக் கிரகணத்தைச் சைபீரியாவிலே படம்பிடித்த சோவியத் அறிஞர் மிகைலோவ் பெற்றது 2.73. அது இருவர் எண்ணையும் கடந்துவிட்டது! வெப்பத்தால் கருவி சற்றே விரிந்தாலும், படத்தகட்டின் பூச்சு சற்றே நகர்ந்தாலும், அளக்க வந்த பொருளைவிடப் பிழை பெரிதாகிவிடும். சாட்சி பொய் சொல்லவில்லை. ஆனால் தெளிவாகவும் பேசவில்லை. வழக்கு முடியுமுன்னரே, 1941இல், சுலைமான் காலமானார்.

சாட்சியைத் தேடி வானியலாளர் இலங்கைக்கும் வந்தனர். 1955 ஜூன் 20ஆந் தேதி நிகழ்ந்தது இருபதாம் நூற்றாண்டின் மிக நீண்ட முழுக் கிரகணம். அதன் நிழல் இத்தீவின் மேலும் படிந்தது. கிரகண வேளையிலே வசம்பை உட்கொண்டால் மேனி நிறம் வெளுக்கும் என்ற வதந்தியை நம்பி நோயுற்ற பெண்களின் கதையை இன்றும் முதியோர் கூறுவர். கருவிகளோடு காத்திருந்த அறிஞர்களுக்கோ மேகமே பகையாயிற்று. பல்லாயிரம் மைல் கடந்து வந்தோர், மாதக்கணக்கில் ஆயத்தஞ் செய்தோர், அந்தச் சில நிமிடங்களிலே முகிலைத்தான் கண்டனர்.

இறுதியிலே கிரகணமே வேண்டாத வழியொன்று பிறந்தது. தொலைவிலுள்ள குவேசர்கள் என்னும் வான்பொருள்கள் வானொலி அலைகளை அனுப்புகின்றன. சூரியன் அவற்றின் அருகே வரும் நாளிலே, அவ்வலைகள் எவ்வளவு விலகுகின்றன என்பதைப் பகல் வேளையிலேயே அளக்கலாம். 1969 முதல் அமெரிக்காவிலே இவ்வளவைகள் நடைபெற்றன. 1974, 1975ஆம் ஆண்டுகளில் கிடைத்த எண் ஐன்ஸ்டைனின் எண்ணோடு ஏறக்குறைய நூற்றுக்கு ஒரு பங்கு வேறுபாட்டுக்குள் ஒத்தது. நீதியரசரின் மூன்றிலொரு பங்கு மிகுதிக்கு அங்கே இடமிருக்கவில்லை. வானொலி அலைகளுக்கு முகில் ஒரு தடையன்று.