வீடு நம்மளுது... அடிமனை யாருது?

திருச்சியில வீடு தேடுற நம்ம ஐடி மக்கள் பலருக்கும் ஸ்ரீரங்கம் மேல ஒரு கண்ணு. ஒரு பக்கம் காவிரி, மறுபக்கம் கொள்ளிடம், நடக்கிற தூரத்துல கோயில். ஆனா புரோக்கர் பேச்சுல நைசா ஒரு வார்த்தை வந்து விழும்: அடிமனை. அதாவது சுவரும் கூரையும் விக்கிறவருது, கீழே இருக்கிற மண்ணு யாருதுங்கறதுல தகராறு!

கொஞ்சம் பின்னாடி போவோம். ஸ்ரீரங்கம் கோயிலுக்கு ஏழு பிராகாரம், மொத்தம் 156 ஏக்கர். வெளிப்பிராகாரங்கள்ல இருக்கிற உத்திர வீதி, சித்திரை வீதியில ஜனங்க குடும்பம் நடத்துறாங்க, கடை வச்சிருக்காங்க. கோயில் வேற, ஊரு வேறன்னு கோடு போட்டுப் பிரிக்கவே முடியாத அமைப்பு. அர்ச்சகர், பரிசாரகர், பூ கட்டுறவர்னு கைங்கர்யம் பண்றவங்க பக்கத்துலயே இருக்கணும்ல? அவங்க குடியிருந்தாங்க, வீடு கட்டினாங்க, பாகம் பிரிச்சாங்க, வித்தாங்க. நடுவுல 1311-ல மாலிக் காபூர் படை வந்தது. 1752-ல பிரெஞ்சுப் படை இதே தீவுல தங்கி, கடைசியில ஆங்கிலேயர்கிட்ட சரணடைஞ்சது. அந்தக் களேபரத்துல யாரு பட்டா கேட்டிருப்பாங்க?

கேட்டவன் வெள்ளைக்காரன். 1858-ல மெட்ராஸ் மாகாணத்துல இனாம் கமிஷன் போட்டு, வரியில்லாம அனுபவிக்கிற நிலமெல்லாம் யாருக்கு எதுக்காகக் கொடுத்ததுன்னு விசாரிச்சு, இனாம் பட்டயம் கொடுத்தாங்க. இன்னிக்கு வெள்ளித்திருமுத்தம் கிராமத்துல சுமார் 330 ஏக்கர் தனக்குச் சொந்தம்னு கோயில் தரப்பு சொல்றதுக்கு ஆதாரம் அந்தக் காலத்துப் பழைய ஆவணம்தான். குடியிருக்கறவங்க வாதம் வேற: தலைமுறை தலைமுறையா கிரயம் பண்ணியிருக்கோம், சர்க்கார் முத்திரைத்தாள் காசு வாங்கிட்டுப் பதிஞ்சு கொடுத்திருக்கு, திடீர்னு எங்களை வாடகைதாரர்னா எப்படி?

நியாயமான கேள்விதான். ஆனா சட்டத்துல ஒரு ஓட்டை இருக்கு. நம்ம நாட்டுல பதிவு ஆகறது பத்திரம்தான், உரிமை இல்ல. சப்-ரிஜிஸ்ட்ரார் ஆபீஸ்ங்கறது ஒரு லாக் ஃபைல் மாதிரி. யாரு யாருக்கு எழுதிக் கொடுத்தாங்கன்னு குறிச்சுக்கும், எழுதிக் கொடுத்தவருக்கு அந்த உரிமை இருந்துச்சான்னு சொல்லாது. வில்லங்கச் சான்றும் அப்படியே. மாநகராட்சி சொத்து வரி ரசீதும் உரிமைக்குச் சாட்சி ஆகாது.

1959 அறநிலையச் சட்டத்தோட 34-வது பிரிவுப்படி, கமிஷனர் அனுமதி இல்லாம கோயில் நிலத்தை வித்தாலும் அடமானம் வச்சாலும் செல்லாது. அஞ்சு வருஷத்துக்கு மேல குத்தகை விட்டாலும் அதே கதிதான். இன்னொரு கதவும் 1996-ல மூடிடுச்சு. அடுத்தவன் மனையில வீடு கட்டினவன் அந்த மனையையே கோர்ட் மூலமா விலைக்குக் கேட்கலாம்னு 1921 நகரக் குடியிருப்போர் பாதுகாப்புச் சட்டம் வழி வச்சிருந்தது. சென்னைக்குப் போட்ட சட்டம், பிறகு வேற சில ஊர்களுக்கும் போச்சு. 1996 திருத்தம் கோயில் மாதிரி சமய நிறுவன நிலங்களை அதுலேர்ந்து எடுத்துடுச்சு. மயிலாப்பூர் கிளப் வழக்குல 2005-ல உச்ச நீதிமன்றமும் அந்தத் திருத்தம் செல்லும்னுடுச்சு. 2016-ல அமலுக்கு வந்த 22-ஏ பிரிவு, துறை அனுமதி இல்லாத கோயில் நிலப் பத்திரத்தைப் பதியவே கூடாதுன்னு ரிஜிஸ்ட்ராருக்கே சொல்லுது.

எனக்கென்னவோ கோயில் பக்கம் நியாயமே இல்லன்னு தள்ள முடியல. தமிழ்நாடு முழுக்கக் கோயில் நிலத்தை விழுங்கினவங்க எத்தனை பேரு! ஆனா முத்திரைக் கட்டணத்தை வாங்கிப் போட்டுக்கிட்டுப் பிற்பாடு கையை விரிக்கிறது சர்க்காருக்கு அழகில்ல. தேர்தல் வந்தா மட்டும் எல்லாக் கட்சிக்கும் அடிமனை ஞாபகம் வந்துடும்.

வாங்கறவருக்கு என்ன கணக்கு? சாதாரண வீட்டுக்கு முத்திரைக் கட்டணம் 7%, பதிவுக் கட்டணம் 2% (2023 மார்ச் வரைக்கும் 4%). சிக்கல் உள்ள மனைன்னா பதிவே ஆகாம நிக்கலாம், பேங்க் லோன் சந்தேகம், திரும்ப விக்கிறப்போ அடிமாட்டு விலை. கோயில் மனைன்னு முடிவாச்சுன்னா சொத்து வரிக்கு மேல கோயிலுக்கு மாச வாடகை வேற. அதை மார்க்கெட் விலையை வச்சு நிர்ணயிக்கலாம், அப்பப்போ ஏத்தலாம்னு 2003-ல 34-ஏ பிரிவைச் சேர்த்துட்டாங்க.

அதனால அங்க வீடு பார்க்கிறவங்க முப்பது வருஷ வில்லங்கத்தோட நிறுத்திக்காதீங்க. சர்வே எண்ணைக் கையில வச்சுக்கிட்டு, பதிவு பண்ணுவாங்களான்னு சப்-ரிஜிஸ்ட்ரார் ஆபீஸ்ல முதல்ல கேளுங்க, அட்வான்ஸ் அப்புறம்.