பட்டமும் பந்தியும்: டப்ளின் டிரினிட்டி கல்லூரியில் உறுப்பினர் யார்?

டிரினிட்டி கல்லூரியின் வரலாற்றைச் சட்டங்களின் ஆண்டுகளைக் கொண்டு பகுப்பதே வழக்கம்: 1592-இல் முதலாம் எலிசபெத்தின் சாசனம், 1793-இல் கத்தோலிக்கருக்குப் பட்டம், 1873-இல் சமயச் சோதனைகளின் நீக்கம், 1904-இல் பெண்கள். ஆண்டுகளில் பிழையில்லை. ஆனால் இந்த வரிசை, வாயில் திறந்த அன்றே வீடும் திறந்ததாக நம்பவைக்கிறது. பட்டம் தருவதும் பந்தியில் இடம் தருவதும் அங்கே வெவ்வேறு செயல்களாகவே இருந்தன. கல்லூரி கூடுதல் கவனத்துடன் காத்தது பந்தியைத்தான் என்பது என் வாதம்.

டெனிஸ் கால்ஃபீல்டு ஹெரான் வழக்கு இதற்கு நல்ல சான்று. கத்தோலிக்கரான அவர் 1843-இல் ஸ்காலர் தேர்வை எழுதித் தகுதி பெற்றார். ஆங்கிலிக்கத் திருவிருந்தில் பங்கேற்க மறுத்ததால் இடம் கிடைக்கவில்லை. 1845-இல் கல்லூரியின் மேல்விசாரணையாளர்களும் கைவிரித்தனர். படிக்கலாம், பட்டம் வாங்கலாம், ஸ்காலர் மட்டும் ஆகக்கூடாது! இதை வெறும் உதவித்தொகைச் சிக்கலாகப் பார்த்தால் வழக்கின் சாரம் தவறிவிடும். தலைவர், ஃபெலோக்கள், ஸ்காலர்கள் ஆகியோர் சேர்ந்ததே சட்டத்தின் பார்வையில் கல்லூரி. 1832 வரை பல்கலைக்கழகத்தின் நாடாளுமன்ற உறுப்பினரைத் தேர்ந்தெடுத்தவர்களும் அந்த ஃபெலோக்களும் ஸ்காலர்களுமே. காமன்ஸ் எனப்படும் பொது உணவுக்கூடத்தில் ஸ்காலருக்குச் சாப்பாடு இலவசம். உணவுக்கு முன் லத்தீனில் இறைவேண்டல் சொல்வதும் அவரே. பிற மாணவர் கல்லூரியில் படித்தவர். ஸ்காலரோ கல்லூரியின் அங்கம்.

உணவுக்கூடமும் சங்கங்களும் வெறும் பழக்கவழக்கம்தானே என்று கேட்கலாம். 1770-இல் தோன்றிய வரலாற்றுச் சங்கம் பெயரளவில்தான் வரலாறு. அதன் உயிர் சொற்போர். பின்னாளில் பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிராகக் கிளர்ந்த உல்ஃப் டோன் 1785-இல் அதன் தலைமைப் பொறுப்பில் இருந்தார். அவரைப் போலவே கிளர்ச்சியாளரான ராபர்ட் எம்மெட்டும் அங்கே பேசிப் பழகியவர். அந்த ஆட்சிக்கு எதிரான 1798 எழுச்சியை ஒட்டி, பல்கலைக்கழகத் துணைவேந்தர் லார்ட் கிளேர் நடத்திய விசாரணையில் 19 மாணவர்கள் நீக்கப்பட்டனர். 1815-இல் சங்கமே வளாகத்தில் ஒடுக்கப்பட்டது. மாணவர் மேடை பொழுதுபோக்கு என்று நிர்வாகம் ஒருபோதும் எண்ணவில்லை.

பெண்கள் வந்தபோது அதே முறை திரும்பியது. அவர்களுக்கு வகுப்பறை உண்டு; காமன்ஸ் இல்லை, வரலாற்றுச் சங்கம் இல்லை, மாலை ஆறு மணிக்குமேல் வளாகமும் இல்லை. தங்குவதற்கு 1908-இல் டார்ட்ரியில், நகரின் தென்பகுதியில், டிரினிட்டி ஹால் ஏற்பட்டது. மாணவிகள் 1905-இல் தனிச் சங்கம் தொடங்கி எலிசபெத்தின் பெயரைச் சூட்டினர். ஓர் அரசி நிறுவிய கல்லூரி பெண்களைச் சேர்க்க 312 ஆண்டுகள் எடுத்துக்கொண்டதை நினைத்தால், அந்தப் பெயரில் குறும்பு இருந்ததோ என்று தோன்றுகிறது.

என் வாதத்துக்குச் சிக்கலான சான்று கத்தோலிக்கத் திருச்சபையின் தடை. 1873-க்குப் பின் கல்லூரிச் சட்டம் யாரையும் சமயத்தால் விலக்கவில்லை; விலக்கியவர்கள் ஆயர்கள். பேராயர் ஜான் சார்லஸ் மெக்குவேட் 1944-இல் தம் அனுமதியின்றி டிரினிட்டியில் சேர்வதைப் பாவமென்று அறிவித்தார். இங்கே பழியைக் கல்லூரியின்மேல் மட்டும் சுமத்த முடியாது. ஆனாலும் ஆயர்கள் அஞ்சியது பாடத்திட்டத்தை மட்டுமன்று. அந்த அறைகளிலும் மேடைகளிலும் உருவாகும் பழக்கத்தையும் தோழமையையும் சேர்த்தே அஞ்சினர் என்று கருத இடமுண்டு. கல்லூரி எதைக் காத்ததோ அதையே அவர்கள் ஐயுற்றார்கள்.

தடை 1970-இல் நீங்கியது. அதற்கு இரண்டாண்டு முன்னர்தான், 1968-இல், ஃபெலோ பதவி பெண்களுக்குக் கிடைத்திருந்தது. வளாகத்துக்குள் தங்கும் அறைகள் அவர்களுக்கு 1972-இல் கிடைத்தன, பெண்கள் அனுமதிக்கப்பட்டு 68 ஆண்டுகள் கழித்து.