நஞ்சை மருந்தாக்கிய நெறி

அளவுக்கு மிஞ்சினால் அமுதமும் நஞ்சு என்பது தமிழ்ப் பழமொழி. வகுப்பறையில் இப்பழமொழியைப் பயிலாத மாணவர் இலர். ஆனால், இதன் மறுதலையான உண்மையை எண்ணிப் பார்ப்போர் மிகச் சிலரே. அளவும் முறையும் அறிந்தவர் கையில் நஞ்சும் அமுதாகும். இவ்வுண்மையை வெறும் சொல்லளவில் விட்டுவிடாமல் ஒரு தொழில்நெறியாகவே வளர்த்தெடுத்த பெருமை இந்திய மருத்துவ மரபுகளுக்கு உண்டு.

இதற்குக் கண்கூடான சான்று குன்றிமணி. செந்நிற உடலும் கருநிற மூக்குமாக விளங்கும் இச்சிறு விதை, உலகின் கொடிய தாவர நஞ்சுகளுள் ஒன்றைத் தன்னுள் அடக்கி வைத்துள்ளது. ஆயினும், பொற்கொல்லர் பொன்னை நிறுத்ததும், சித்த மருத்துவர் மருந்தை நிறுத்ததும் இவ்விதையைக் கொண்டேயாகும். ஒரு குன்றி எடை என்பது இன்றைய அளவில் ஏறத்தாழ 130 மில்லிகிராம். நஞ்சு பொதிந்த விதையையே மருந்தின் அளவுகோலாகக் கொண்ட அம்மரபு, அளவின் அருமையை எத்துணை ஆழமாக உணர்ந்திருந்தது என்பதற்கு வேறு விளக்கம் வேண்டுவதில்லை.

பண்டை நூல்களின் பார்வை

ஆயுர்வேதத்தின் எட்டு அங்கங்களுள் ஒன்று 'அகத தந்திரம்' எனப்படும் நஞ்சு மருத்துவம். சுசுருதர் பெயரால் வழங்கும் நூலின் கற்பத்தானம் என்னும் பகுதி நஞ்சுகளைப் பற்றியே பேசுகின்றது. அசையாப் பொருள்களின் நஞ்சு தங்கும் இடங்களை வேர், இலை, காய், பூ, பட்டை, பால், வைரம், பிசின், தாது, கிழங்கு எனப் பத்தாக அந்நூல் வகுத்துரைக்கின்றது. ஒரே செடியிலும் எல்லா உறுப்பும் ஒரே தன்மையன அல்ல என்ற நுட்பமான கவனிப்பு இவ்வகைப்பாட்டில் புலனாகின்றது. முறையாகப் பயன்படுத்தினால் கடும் நஞ்சும் சிறந்த மருந்தாகும் என்றும், முறை தவறினால் மருந்தும் நஞ்சாகும் என்றும் சரகரின் நூல் தெளிவாக அறிவிக்கின்றது.

தமிழகத்துச் சித்தர் மரபு இக்கருத்தைச் 'சுத்தி' என்னும் சொல்லால் செயல்முறையாக்கிற்று. சரக்கைச் சுத்தி செய்யாமல் மருந்தில் சேர்த்தல் ஆகாது என்பது அம்மரபின் முதல் விதி. தோல் நீக்குதல், முளை நீக்குதல், ஊறவைத்தல், பாலிலோ கோமூத்திரத்திலோ வேகவைத்தல், நெய்யில் வறுத்தல் எனச் சரக்குக்குச் சரக்கு முறை வேறுபடும். இவற்றைச் சடங்கென்று எள்ளி நகையாடியோர் ஒரு காலத்தில் இருந்தனர். வேதியியல் வளர்ந்த பின்னரே அவற்றுட் சிலவற்றின் காரணம் விளங்கலாயிற்று. ஐந்து தாவரங்களின் வரலாற்றைக் கொண்டு இதனைக் காணலாம்.

எட்டி

ஈயாதவன் செல்வத்திற்கு எட்டிப் பழத்தை உவமை கூறுவது தமிழர் வழக்கம். கண்ணுக்கு இனிய செம்மஞ்சள் நிறக் கனி. உள்ளிருக்கும் கொட்டையோ உயிர் குடிப்பது. பொத்தானைப் போன்று தட்டையாய், பட்டு மயிர் போர்த்தது போல் விளங்கும் எட்டிக்கொட்டையைச் சித்த மருத்துவர் வாத நோய்களுக்கும் நரம்புத் தளர்ச்சிக்கும் உரிய மருந்துகளில் சேர்த்தனர். சேர்ப்பதற்கு முன் அதனைப் பல நாள் ஊறவைத்து, தோலையும் உள்முளையையும் அகற்றி, பாலில் வேகவைத்து, நெய்யில் வறுத்தனர்.

1818 ஆம் ஆண்டில் பாரிசு நகரத்து மருந்தியலாளர்களான பெல்த்தியே, கவாந்து ஆகிய இருவரும் எட்டியின் இனத்தைச் சேர்ந்த கொட்டைகளிலிருந்து ஸ்டிரிக்னின் என்னும் நச்சுப் பொருளைப் பிரித்தெடுத்தனர். மறு ஆண்டில் புரூசின் என்னும் மற்றொன்றும் அறியப்பட்டது. தண்டுவடத்தில் நரம்புகளின் எழுச்சியை அடக்கி நிறுத்தும் ஆற்றலை ஸ்டிரிக்னின் தடுத்துவிடுகின்றது. அதனால் சிறு ஓசை கேட்பினும் உடல் முழுதும் வெட்டி இழுக்கும். இறுதியில் மூச்சும் நின்றுபோகும். பழைய முறைப்படி சுத்தி செய்த கொட்டையில் இவ்விரு நச்சுப் பொருள்களின் அளவு குறைந்திருப்பதை இக்கால ஆய்வுகள் காட்டியுள்ளன. குறைகின்றதே அன்றி முற்றும் நீங்குவதில்லை என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கது. அதனாலன்றோ சுத்திக்குப் பின்னரும் அளவு என்னும் இரண்டாம் காவல் வேண்டப்பட்டது!

மேலைநாட்டினர் பிரித்தெடுத்த நஞ்சை அப்படியே ஊக்க மருந்தாகக் கையாண்டனர். 1904 ஆம் ஆண்டு செயின்ட் லூயிஸ் நகரில் நடந்த ஒலிம்பிக் நெடுந்தொலைவு ஓட்டத்தில் தாமஸ் ஹிக்ஸ் என்னும் வீரருக்கு வழியிலேயே ஸ்டிரிக்னின் புகட்டப்பட்டது. அவர் வெற்றி பெற்றார். ஆனால், உயிர் பிழைத்ததே பெரிதென்னும் நிலையில் வீழ்ந்தார். பின்னர் மேலை மருத்துவம் அதனைக் கைவிட்டது.

நாவி

இமயமலைச் சாரலில் விளையும் நாவிக்கிழங்கை வடமொழியாளர் வத்சநாபி என்பர். மலைவாழ் வேடர் அம்பு முனையில் தடவிய நஞ்சு இதுவே. இதிலுள்ள அகோனிட்டின் நெஞ்சத்தின் துடிப்பைச் சிதறடித்துச் சாவை விளைவிக்கும். இக்கிழங்கையே சுரத்துக்கும் வலிக்கும் உரிய மருந்துகளில் இந்திய மருத்துவர் சேர்த்து வந்தனர்.

இதனைச் சுத்தி செய்யும் முறையின் உயிர்நிலை நெடுநேரம் வேகவைத்தலில் உள்ளது. நீரும் வெப்பமும் கூடும்போது அகோனிட்டினின் கட்டமைப்பு படிப்படியாக உடைந்து, நச்சுத்தன்மை மிகக் குறைந்த வேறு பொருள்களாக மாறுகின்றது. மூலக்கூறு என்ற சொல்லையே அறியாத காலத்தில், பட்டறிவு ஒன்றையே துணையாகக் கொண்டு இவ்வழியைக் கண்டோர் வியத்தற்குரியர். எனினும், வேகும் நேரம் குறைந்தால் விளைவு என்னவாகும்? போதிய அளவு பக்குவம் பெறாத இவ்வினக் கிழங்குகள் உயிரைப் பறித்த நிகழ்ச்சிகள் ஆசிய நாடுகளின் மருத்துவ ஏடுகளில் இன்றளவும் பதிவாகி வருகின்றன.

ஊமத்தை

குப்பைமேட்டிலும் சாலையோரத்திலும் கேட்பாரற்று வளரும் ஊமத்தைக்கு இருமுகம் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டு இந்தியாவில் வழிப்பறிக் கள்வர் ஊமத்தை விதையை உணவில் கலந்து பயணிகளை மயக்கிப் பொருளைக் கவர்ந்தனர். 1856 இல் நார்மன் செவர்ஸ் வெளியிட்ட சட்ட மருத்துவ நூலில் இக்கொடுமை விரிவாக இடம் பெற்றுள்ளது.

அதே ஊமத்தை மறுமுகத்தில் மூச்சுத் திணறலுக்கு மருந்தாக விளங்கிற்று. உலர்த்திய ஊமத்தையைப் புகைத்து ஈளைநோய்க்குத் தணிவு காணும் வழக்கத்தைச் சென்னையில் கண்ட ஆங்கிலேயர், 1802 ஆம் ஆண்டளவில் அச்செய்தியைத் தம் நாட்டிற்குக் கொண்டு சென்றனர். சென்னையின் தலைமை மருத்துவராக விளங்கிய ஜேம்ஸ் ஆண்டர்சனின் பெயர் இதனோடு இணைத்துப் பேசப்படுகின்றது. அதன்பின், ஊமத்தை இனச் செடிகளின் இலையைச் சுருட்டிய புகைக்குழல்கள் ஐரோப்பிய மருந்துக் கடைகளில் நூறாண்டுக்கு மேலாக விற்பனையாயின.

ஊமத்தையிலுள்ள அட்ரோப்பின், ஸ்கோப்பலமின் முதலியவை மூச்சுக்குழலின் இறுக்கத்தைத் தளர்த்துகின்றன. ஆனால், மூளையை அடைந்தால் பிதற்றலையும் மயக்கத்தையும் உண்டாக்குகின்றன. மூச்சுக்குழலில் தொழிற்படவும் மூளைக்குள் எளிதிற் புகாதிருக்கவும் அட்ரோப்பினின் கட்டமைப்பை மாற்றி அமைத்தனர் பிற்கால அறிவியலாளர். 1970களில் வழக்கிற்கு வந்த இப்ராட்ரோப்பியமும், இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்த டியோட்ரோப்பியமும் அவ்வாறு பிறந்தவையே. நஞ்சின் நன்மையைக் கொண்டு தீமையை விலக்குதல் என்னும் பழைய நோக்கமே இங்குப் புதிய வடிவில் நிறைவேறிற்று எனலாம்.

குன்றி

குன்றிமணியின் மேலோடு மிகக் கடினமானது. முழு விதை வயிற்றிற் சென்றாலும் பெரும்பாலும் அப்படியே வெளியேறிவிடும். மென்றாலோ இடித்தாலோ அப்ரின் என்னும் நச்சுப் புரதம் வெளிப்படும். குன்றியை அரைத்து ஊசிபோல் திரட்டிக் காயவைத்து, தோலுக்காகப் பிறர் மாடுகளைக் குத்திக் கொன்ற குற்றங்கள் ஆங்கிலேயர் கால ஆவணங்களில் உள்ளன. மருத்துவரோ பாலில் வேகவைத்தே அதனைக் கையாண்டனர். அப்ரின் புரதம் ஆதலின் வெப்பத்தால் அதன் ஆற்றல் அழிகின்றது.

1891 இல் செருமானிய அறிஞர் பால் எர்லிக், அப்ரினையும் ஆமணக்கு விதையின் நஞ்சான ரிசினையும் எலிகளுக்குச் சிறுகச் சிறுகக் கொடுத்து, அவை நாளடைவில் பேரளவு நஞ்சையும் தாங்கி நிற்பதை மெய்ப்பித்தார். உடலின் எதிர்ப்பாற்றலை ஆராயும் இன்றைய துறைக்கு அடிகோலிய ஆய்வுகளுள் இதுவும் ஒன்று. 1908 இல் அவர் நோபல் பரிசு பெற்றார்.

காந்தள்

கபிலர் குறிஞ்சிப்பாட்டில் அடுக்கிக் கூறும் மலர்களின் வரிசையில் முதலில் நிற்பது காந்தள். இன்று தமிழ்நாட்டின் மாநில மலராக விளங்குவதும் செங்காந்தளே. கலப்பை வடிவினதாதலின் அதன் கிழங்கு கலப்பைக்கிழங்கு எனப் பெயர் பெற்றது. உண்ணும் கிழங்கென்று மயங்கி உண்டோர் மாண்டதும் உண்டு.

இதிலுள்ள கால்ச்சிசின் உயிரணுக்கள் பிரிவதைத் தடுக்கும் இயல்பினது. அதுவே மூட்டுகளை வாட்டும் கௌட் என்னும் நோய்க்கு மருந்தாகின்றது. குறைந்த அளவில் இதய நோயாளர்க்கும் பயன்படும் என ஏற்று, அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் 2023 இல் அதற்கு ஒப்புதல் அளித்தது. இதனைப் பிரித்தெடுப்பதற்காகவே கரூர், திண்டுக்கல் முதலிய மாவட்டங்களில் உழவர் காந்தளைப் பயிரிட்டு, மலர்களுக்குக் கையால் மகரந்தம் சேர்த்து, விதையை ஏற்றுமதிக்கு அனுப்புகின்றனர். சங்கப் புலவர் கண்ட மலர் இன்று உலக மருந்துச் சந்தையின் மூலப்பொருள்.

நெறி தளர்ந்ததும் சட்டம் வந்ததும்

இத்தகைய அறிவு ஆசானிடமிருந்து மாணாக்கனுக்குக் கைவழியாகவே கடத்தப்பட்டது. தகுதியற்றோர் கையில் நஞ்சு சேரலாகாது என்பதற்காகச் சித்தர் பாடல்கள் மறைமொழியில் அமைந்தன. அக்காவலே பின்னர்க் கேடாகவும் முடிந்தது. ஆசான் மறைந்தால் பாடல் எஞ்சும், பொருள் எஞ்சாது. ஒரு செடிக்குப் பல பெயரும் ஒரு பெயருக்குப் பல செடியும் ஊருக்கு ஊர் வழங்கியமை குழப்பத்தை மிகுவித்தது.

இக்குழப்பத்தைத் தீர்க்க முயன்றோர் சிலர் நன்றிக்குரியர். ஆங்கிலேய மருத்துவர் வைட்லா ஐன்ஸ்லி 1813 இல் சென்னையில் வெளியிட்ட மருந்துப் பொருள் நூலில் தமிழ்ப் பெயர்களையும் பதிவு செய்தார். திருவல்லிக்கேணியில் பணியாற்றிய மருத்துவர் மொகிதீன் செரீப் 1869 இல் இந்திய மருந்துச் செடிகளுக்குப் பல மொழிகளிலும் வழங்கும் பெயர்களை ஒப்புநோக்கித் தொகுத்தார். நஞ்சைப் பொறுத்தவரையில் பெயரில் நேரும் பிழை எழுத்துப் பிழையன்று, உயிர்ப் பிழையாகும்.

ஆசான் காத்த நெறியைப் பிற்காலத்தில் சட்டமும் காக்க வேண்டியதாயிற்று. இந்தியாவின் 1940 ஆம் ஆண்டு மருந்துச் சட்டத்தில், 1964 இல் மரபு மருத்துவ மருந்துகளுக்கென விதிகள் சேர்க்கப்பட்டன. அவற்றின் வழிவந்த நச்சுப் பொருள் அட்டவணையில் எட்டி, நாவி, ஊமத்தை, குன்றி, கலப்பைக்கிழங்கு ஆகிய ஐந்தும் இடம் பெற்றுள்ளன. இவை கலந்த உள்மருந்துகளின் உறையில், மருத்துவர் மேற்பார்வையில் மட்டுமே உட்கொள்ள வேண்டும் என்னும் எச்சரிக்கை அச்சிடப்படுதல் வேண்டும். மலேசியாவிலும் 2016 ஆம் ஆண்டு இயற்றப்பட்ட மரபு, துணை மருத்துவச் சட்டம் இந்திய மரபு மருத்துவத்தை ஏற்று, அதனைக் கையாள்வோரின் பதிவுக்கு வழி வகுத்துள்ளது.

இருவகைப் பிழைகள்

மூலிகை என்றாலே தீங்கற்றது என நம்புவது ஒருவகைப் பிழை. நச்சுச் செடியை மருந்தென்றது அறியாமை எனத் தள்ளுவது மற்றொரு வகைப் பிழை. முன்னோர் இவ்விரண்டையும் செய்யவில்லை. அவர்கள் நஞ்சை நஞ்சென்றே அறிந்தனர். அஞ்சவேண்டிய அளவு அஞ்சினர். அதன்பின்னரே அதனை ஆண்டனர். செடி இன்றும் வேலியோரத்தில் நிற்கின்றது. அதனைப் பறித்துக் கொள்வது எவர்க்கும் எளிது. ஊறவைத்த நாள்களின் கணக்கும், வேகவைத்த பொழுதின் பொறுமையும், நிறுத்துக் கொடுத்த கையின் அச்சமும் சேர்ந்ததே மருந்து. அந்நெறியை விடுத்துச் செடியை மட்டும் போற்றுவோர் கையில் மரபின் பெயரால் எஞ்சுவது நஞ்சு மட்டுமே.

பள்ளித் தோட்டத்து வேலியில் குன்றிமணி கொத்துக் கொத்தாய்ச் சிவந்து தொங்கும்போது மாணவர் அதன் அழகில் மயங்குவர். அதன் நஞ்சையும், அதனால் முன்னோர் மருந்தை நிறுத்த வரலாற்றையும் ஒருங்கே எடுத்துரைப்பது ஆசிரியர் கடன். எச்சரிக்கையும் பெருமிதமும் ஒரே பாடத்தில் அடங்கும் வாய்ப்பு அரிதாகவே கிட்டும்.